மாதா திருநாளில் கூடிய கூட்டம்

சிப்பித்துறையில் ஆகஸ்ட் பதினைந்து என்றால் மாதா திருநாள். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்ததும் அதே நாளில்தான் என்பது ஊருக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு வருவார்கள். அத்தோடு சுதந்திரம் முடிந்துவிடும். அன்றைக்கு வள்ளம் கடலில் இறங்காது. காலையில் பூசை, பிறகு சப்பரம், மத்தியானம் கோவில் வளாகத்தில் அசனம், ஊருக்கே சோறு. ஊரே அண்டாவைச் சுற்றி நின்று ஆட்டுக்கறிக் குழம்பின் வாசம் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், 'இன்றைக்குப் பனைவிளையில் கிராம சபைக் கூட்டம், வாருங்கள்' என்று ஒருவன் வந்து கூப்பிட்டால் அவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

கூப்பிடாமலும் இல்லை. சிப்பித்துறையும் பனைவிளையும் ஒரே பஞ்சாயத்து. ஆபீஸ் இருப்பது பனைவிளையில், உள்ளே தள்ளி, பனங்காட்டுக்கு அந்தப் பக்கம். வருஷா வருஷம் திருநாளுக்கு முந்தின நாள் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று சிலுவை நட்ட குருசடி வரைக்கும் வந்து, கத்திவிட்டுத் திரும்பிப் போகும். கடற்கரைக்காரர்கள் அதைக் காதில் வாங்குவதில்லை. வலை தகராறு, வள்ளத்துக்கு வரி, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாவற்றுக்கும் ஊர்க்கமிட்டி இருக்கிறது. கமிட்டிக்கு மேலே சாமியார் இருக்கிறார், அவருக்கு மேலே மாதா இருக்கிறாள். நடுவில் பஞ்சாயத்து எதற்கு என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில்தான் மண் விழுந்தது.

அந்த வருஷம் ஆட்டோ வந்தபோது அமலோற்பவம் கருவாட்டுக் களத்தில் காரல் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. முந்தானையால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். குருசடிக்குத் தெற்கே தொடங்கி அலை தொடும் மேடு வரைக்கும் கிடக்கும் அந்த மணல்வெளிதான் களம். பட்டா கிடையாது, புறம்போக்கு. ஆனால் யாருடைய பழைய வலை எந்த இடத்தில் விரியும், யாருடைய உப்புத்தொட்டி எங்கே நிற்கும் என்பதில் ஒரு சாண் கூடப் பிசகாது. கடல் ஒரு நாள் கொடுக்கும், ஒரு நாள் கையை விரிக்கும். களம் அப்படி இல்லை. வெயில் உள்ள நாளெல்லாம் அது ஊரில் பாதி வீட்டுக்குச் சோறு போட்டது. அமலோற்பவத்தின் இரண்டு பெண்களும் இந்த மணலில் தவழ்ந்து, இந்த மணலில் வந்த காசில் நர்சிங் படித்தவர்கள்.

ஆட்டோவுக்குப் பின்னாலேயே பைக்கில் வந்து நின்றான் ஜெனிஸ். அவளுடைய புருஷன் சிலுவையின் தம்பி. வார்டு மெம்பர்.

"என்ன தம்பி, கூட்டம் கூட்டம்னு கத்துதான்?"

"வருஷா வருஷம் உள்ளதுதான் மதினி. கொசுமருந்து அடிச்ச கணக்கு, லைட்டு போட்ட கணக்கு. வாசிப்பாவ, டீயும் வடையும் குடுப்பாவ, கலைஞ்சிருவாவ."

"நானும் ஒரு எட்டு வந்துட்டுப் போகட்டா? களத்துக்கு ஒரு தண்ணிக்குழாய் கேக்கணும்னு அல்போன்சாக்கா சொல்லிக்கிட்டே கெடக்கா. மீன் கழுவ ஊருக்குள்ள போய்லா தண்ணி சுமக்கோம்."

"திருநாளும் அதுவுமா அங்கன போய் உக்காரப் போறியளா? பொறவு நான் மெம்பர்னு எதுக்கு இருக்கேன்? நீங்க பூசைக்குப் போங்க மதினி. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஜெனிஸ் மூக்கொழுகிக்கொண்டு திரிந்த பயல். தாயில்லாப் பிள்ளை. பிசைந்து ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்கு அடித்து விரட்டியது, அவன் எலெக்ஷனில் நின்றபோது வீடு வீடாகப் போய் 'எம் பிள்ளைக்குப் போடுங்கட்டி' என்று ஓட்டுக் கேட்டது எல்லாம் அவள்தான். அப்படிப்பட்டவன் இருக்கும்போது அவள் எதற்குப் பனைவிளைக்குப் போய்ப் பெஞ்சியில் உட்கார வேண்டும்?

திருநாள் நன்றாகத்தான் நடந்தது. சப்பரம் களத்தோரமாகக் கடலைப் பார்த்து நின்று திரும்பியது. அசனப் பந்தி முடியப்போகும் நேரத்தில்தான் ஜெனிஸ் வந்தான். அவனுக்காக அமலோற்பவம் ஒரு தூக்குச்சட்டியில் நெஞ்செலும்பாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தாள். இலை போட்டு, தான் வைத்த கத்தரிக்காய்க் கூட்டோடு பரிமாறினாள்.

"கூட்டம் என்னாச்சு தம்பி?"

"அதெல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டு."

"குழாய் கேட்டியா?"

"கேட்டிருக்கேன், கேட்டிருக்கேன். கத்தரிக்கா இன்னும் கொஞ்சம் வைங்க மதினி. உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது."

அவள் வைத்தாள். அவன் விரலை நக்கிச் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிற்பாடு எத்தனையோ ராத்திரி அவளைத் தூங்கவிடாமல் செய்தது களம் போன வருத்தத்தைவிட அந்தக் கத்தரிக்காய்தான்.

செப்டம்பரில் ஒரு நாள் காலையில் பெண்கள் சாளைமீன் கூடையோடு களத்துக்கு வந்தபோது, நாலு பக்கமும் சிமெண்டுக் கல் நட்டிருந்தது. குருசடிக்குப் பக்கத்தில் ஒரு தகரப் போர்டு. இறால் குஞ்சு பொரிக்கும் கம்பெனி வரப்போகிறதாம், அனுமதியில்லாமல் உள்ளே நுழையக் கூடாதாம். நட்டிருந்த கல்லை அல்போன்சா காலால் உதைத்துப் பார்த்தாள். கல் அசையவில்லை, அவள் பெருவிரல்தான் வீங்கியது.

"எவன்டி நம்ம களத்துல கல்லு நட்டது?" என்று அவள் கத்தின கத்தலில் காக்கைகள் எழும்பின.

ஜெனிஸிடம் கேட்டார்கள். அவன் நெற்றியைத் தேய்த்தான், தரையைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான்.

"எல்லாம் பனைவிளைக்காரன் வேலை மதினி. பிரசிடெண்டு பொன்னுதுரைக்கு நம்மளக் கண்டா ஆகாது. கடக்கரைக்காரன் எங்க எந்திரிச்சிருவானோன்னு பயம். அவனா தீர்மானம் போட்டு அனுப்பிட்டான். நான் கலெக்டர் வரைக்கும் பேசிப் பாக்குதேன். நீங்க யாரும் அங்கன போய் வாயைக் குடுக்காதீங்க, வேற மாதிரி ஆயிரும்."

வேற மாதிரி என்றால் என்ன என்று கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். பனங்காட்டு ஊருக்கும் கடற்கரை ஊருக்கும் நடுவில் எப்போதோ கல்லெறிந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பயத்தைத்தான் அவன் எடுத்து வீசினான். வேறு யாராக இருந்தாலும் அடங்கியிருப்பார்கள். அமலோற்பவம் அடங்கவில்லை. அல்போன்சாவைக் கூட்டிக்கொண்டு நேராகப் பொன்னுதுரையின் மளிகைக்கடைக்கே போய்விட்டாள்.

பொன்னுதுரை கருப்பட்டிச் சிப்பத்தைப் பிரித்து ஈ விரட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயது. அவளிடம் கருவாடு வாங்குகிற மனிதர்தான்.

"வா தங்கச்சி. என்ன வேணும்?"

"எங்க களம் வேணும் அண்ணாச்சி. கல்லு நட்டு வச்சிருக்கியள்லா, அது வேணும்."

"உக்காரு."

"உக்கார வரல. உங்க கடையில உப்பு வாங்குதோம், புளி வாங்குதோம். எங்க வயித்துல அடிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்திச்சு? ஆட்டோ விட்டா மட்டும் போதுமா? எங்களுக்கு மாதா திருநாள்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நாள நானா வச்சேன்? சர்க்கார் வச்ச நாளு. ஆகஸ்ட் பதினஞ்சுக்குத் தமிழ்நாடு பூரா கூட்டம். நான் மாத்த முடியுமா?" அவர் கருப்பட்டியைக் கீழே வைத்தார். "கோவப்படாமக் கேளு. கம்பெனி மனு வந்திச்சு. அந்த எடத்துக்கு ஆட்சேபணை உண்டா இல்லையான்னு சபையில கேக்கணும். நான் ரெண்டு தடவை கேட்டேன். கடக்கரை எடம்யா, கடக்கரைக்காரங்க யாராச்சும் உண்டா, பேசுங்கன்னு கேட்டேன். இங்கன உள்ளவனுக்கு அந்த எடம் தெக்கா வடக்கான்னே தெரியாது."

"யாருமே இல்லன்னா நிப்பாட்டி வைக்க வேண்டியதுதான அண்ணாச்சி?"

"யாரு இல்லன்னு சொன்னா? உங்க மெம்பர் இருந்தாருல்லா."

அமலோற்பவம் அல்போன்சாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க கொழுந்தன்தான் தாயி. எந்திரிச்சு நின்னு, 'அந்த எடம் சும்மாக் கெடக்கு, எங்க ஊருக்குப் பூரண சம்மதம்'னு சொன்னாரு. மொத ஆளா கையத் தூக்குனதும் அவருதான். கடக்கரைக்காரனே தூக்குதான்னா மத்தவனுக்கு என்ன? எல்லாவனும் தூக்கிட்டான்."

"சும்மாக் கெடக்குன்னா சொன்னான்?"

"அதே வார்த்தைதான்."

"பொய் சொல்லாதீரும் அண்ணாச்சி!" என்று அல்போன்சா முன்னால் வந்தாள். "அவன் இவ வளத்த பிள்ளையாக்கும்."

"எனக்குப் பொய் சொல்லி என்ன ஆவப்போவுது? சபையில உக்காந்திருந்த யாரை வேணும்னாலும் கேளு. நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. வருஷத்துக்கு ஆறு கூட்டம் போடுதோம். நான் பிரசிடெண்டு ஆன நாள்ல இருந்து உங்க ஊர்ல இருந்து ஒரு பொம்பளை வந்திருக்கியளா? ஒரு ஆம்பளை? வந்து உக்காந்திருந்தா அவன் இப்பிடி எந்திரிச்சு நின்னிருப்பானா?"

வரும் வழியில் அல்போன்சா ஜெனிஸைத் திட்டிக்கொண்டே வந்தாள். அந்த மனிதர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அமலோற்பவத்தின் மனசு மாதாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

வீட்டில் சிலுவை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். ஜெனிஸ் சாப்பிட உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி தூத்துக்குடியில் வேலைக்குப் போவதால் மத்தியானச் சாப்பாடு அவனுக்கு எப்போதும் இங்கேதான். அன்றைக்கு அமலோற்பவம் சாளைப் புளிமுளக் குழம்பு வைத்திருந்தாள். சட்டியை எடுத்தவள் எடுத்தபடியே நின்றாள்.

"ஏலே ஜெனிஸ். களம் சும்மாக் கெடக்குன்னு சொன்னியா?"

அவன் சிலுவையைப் பார்த்தான். சிலுவை வலை ஊசியைப் பார்த்தான்.

"யாரு, பொன்னுதுரை சொன்னானா?"

"நீ சொன்னியா இல்லையா?"

"மதினி, மொதல்ல உக்காருங்க. விளக்கமாச் சொல்லுதேன். கம்பெனி வந்தா ஊர்ப் பிள்ளையளுக்கு வேலை தருவான். காம்பவுண்டு கட்டுத வேலைய எனக்கே தாரேன்னிருக்கான். இத்தனை நாளா மெம்பரா இருந்து நான் என்னத்தக் கண்டேன்? ஒரு நல்லது நடக்கட்டுமேன்னு பாத்தேன். உங்களுக்கும் அங்கன தொட்டி கழுவுத வேலை வாங்கித் தாரேன். எத்தனை காலத்துக்கு இந்த நாத்தத்துல கெடப்பிய?"

"நாத்தம்."

"நான் அப்பிடிச் சொல்லல..."

"அந்த நாத்தத்துலதாம்லே நீ வளந்த. உனக்குப் பீஸ் கட்டுனது நாத்தம். உன் கலியாணத்துக்குப் பட்டுச்சேலை எடுத்தது நாத்தம். சரி, அது போட்டும். ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னியா? திருநாளுக்கு முந்துன நாள் நான் வாரேன்னு சொன்னம்லா? பூசைக்குப் போங்கன்னு நீதான அனுப்புன? மாதாவக் காட்டி எங் கழுத்த அறுத்திட்டியேலே!"

ஜெனிஸ் இலையை விட்டு எழுந்தான். சாப்பிடாமலே வெளியே போனான். பைக் சத்தம் குருசடி தாண்டும் வரைக்கும் கேட்டது.

"நீங்க ஒரு வார்த்தை பேசுனியளா?" என்று புருஷனிடம் திரும்பினாள்.

"என்னளா பேச? தாயில்லாத பிள்ளை. அறியாமச் செஞ்சிட்டான்."

"நாப்பது வயசுப் பிள்ளை" என்றாள் அமலோற்பவம்.

மறுநாளிலிருந்து அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எலெக்ஷனுக்கு ஓட்டுக் கேட்டுப் போன அதே வீடுகள். அக்டோபர் ரெண்டாம் தேதி காந்தி ஜெயந்திக்கு அடுத்த கூட்டம், எல்லோரும் வரவேண்டும் என்றாள். ஊர்க்கமிட்டித் தலைவர் ஜேசுபாதம் 'நாங்க கலெக்டருக்கு மனு எழுதிக்கிட்டிருக்கோம், பொம்பளையள் எதுக்கு அங்கன' என்றார். "நீங்க எழுதி முடிக்கதுக்குள்ள இறால் பொரிச்சிரும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். வாரோம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஓட்டுக் கேட்டபோதும் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

ரெண்டாம் தேதி விடிந்ததும் கடல் விளையாடியது. மாதக்கணக்கில் முகம் காட்டாத நெத்திலி, வந்த வள்ளத்திலெல்லாம் கொட்டிக் கிடந்தது. சிலுவையின் வள்ளத்திலும் நிறைய மீன்பாடு. நெத்திலியைப் பிடித்த கையோடு வெயிலில் பரப்பாவிட்டால் வயிறு வெடித்துப் போகும். அப்புறம் கோழித்தீவனக்காரன்தான் வாங்குவான். கம்பெனி இன்னும் வேலை தொடங்கவில்லை என்பதால் பெண்கள் கல்லுக்கு உள்ளேயே வலையை விரித்தார்கள். கூட்டம் பதினொரு மணிக்கு.

"அமலி, இதப் போட்டுட்டு எப்பிடி வர? ஒரு மாசச் சோறுளா" என்றாள் அல்போன்சா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இன்னைக்கு இதப் பரப்பிருவ. அடுத்த மாசம் எங்கன பரப்புவ?"

அமலோற்பவம் தன் நெத்திலியைக் கூடையோடு ஈரச்சாக்குப் போட்டு மூடினாள். கையைக் கழுவி, சேலையை மாற்றாமல் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஏழெட்டுப் பெண்கள் அவளோடு ஏறினார்கள். கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டு நின்ற சிலுவையும் கடைசியில் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டான். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதிப் பலம் வந்தது.

பனைவிளைச் சமுதாயக்கூடத்தில் ஜெனிஸ் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். யூனியன் ஆபீஸிலிருந்து கூட்டத்தைக் கவனிக்கப் பற்றாளராக ஒரு அம்மா வந்திருந்தார், சண்முகப்ரியா என்று பெயர். பஞ்சாயத்துச் செயலர் ஏதேதோ கணக்கு வாசித்தார். அவர் மூச்சு விட்ட இடத்தில் அமலோற்பவம் எழுந்து நின்றாள். மைக்கை அவள் வாங்கவில்லை. களத்தில் காற்றை மீறிப் பேசிய தொண்டை அது.

"போன கூட்டத்துல எங்க களம் சும்மாக் கெடக்குன்னு சொன்னாவளாம். நான் அந்தக் களத்துல இருந்து நேரா வாரேன். என் கையை மோந்து பாருங்க. சும்மாக் கெடக்குத எடத்துல இந்த வாடை வருமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பற்றாளரம்மா சிரிக்கவில்லை.

ஜெனிஸ் எழுந்தான். "மேடம், இது எங்க குடும்பத்துச் சண்டை. வீட்டுல பேசித் தீத்துக்கிடுதோம். ஊர்ல யாருக்கும் ஆட்சேபணை கெடையாது. இருந்தா ஊரே வந்திருக்கும்லா? எண்ணிப் பாருங்க, எத்தனை பேர் வந்திருக்காவ."

அது அவள் நெஞ்சில் குத்தியது. ஏனென்றால் அது உண்மை.

"வந்தவங்களைக் கேப்போம்" என்றார் பற்றாளரம்மா. "அந்த இடத்தைக் கம்பெனிக்குக் கொடுக்கிறதுல ஆட்சேபணை உள்ளவங்க கையைத் தூக்குங்க."

அமலோற்பவம் தூக்கினாள். கூட வந்த பெண்கள் தூக்கினார்கள். மளிகைக்கடைப் பொன்னுதுரை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "பிரசிடெண்டா இல்ல, கருவாடு திங்கவனாத் தூக்குதேன்" என்று தூக்கினார். அதைப் பார்த்துப் பனைவிளைக்காரர்கள் நிறையப் பேர் தூக்கினார்கள். அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சிலுவையின் இரண்டு கையும் மடியில் கிடந்தன. முன்வரிசையிலிருந்து ஜெனிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். சிலுவை வலது கையை மெல்ல எடுத்தான். எடுத்து முழங்காலைச் சொறிந்துவிட்டு மறுபடி மடியில் வைத்துக்கொண்டான்.

பற்றாளரம்மா விளக்கமாகச் சொன்னார். பழைய தீர்மானம் மேலே போய்விட்டது, அதை இங்கே கிழித்துப் போட முடியாது. ஆனால் இன்றைய ஆட்சேபணையையும் எழுதி அனுப்புவார். தாசில்தார் வந்து இடத்தைப் பார்ப்பார். அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பார்கள், அதுவரை வேலை தொடங்கக் கூடாது.

"நவம்பர் ஒண்ணாந்தேதி. இன்னும் நிறையப் பேர் வரணும். வரலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

"நவம்பர் ஒண்ணா? அன்னைக்குச் சகல புனிதர் திருநாள்லா" என்றாள் ஒருத்தி வாய் தவறி. ஜெனிஸின் முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்து போனது. அதை அமலோற்பவம் பார்த்தாள்.

அவர்கள் களத்துக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. அல்போன்சாவின் நெத்திலி வெள்ளியாகக் காய்ந்து கிடந்தது. "என்னுதப் பரப்பி முடிக்கவே மூச்சு முட்டிட்டு, உன்னுதத் தொட முடியலளா" என்று சொல்லி அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அமலோற்பவம் சாக்கை நீக்கினாள். குப்பென்று அடித்தது. கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளினாள். கூழ்.

சிலுவை கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினான். ரெண்டு பேரும் அதைத் தீவனக்காரனின் பீப்பாய் வரைக்கும் சுமந்தார்கள். கொட்டிவிட்டுக் கடல் தண்ணீரில் கூடையை அலசும்போது அவன் வாயைத் திறந்தான்.

"அவன் முன்னுக்கு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான்ளா. கூடப்பொறந்தவன். என் கை எந்திரிக்கல."

அவள் கூடையைத் தட்டித் தண்ணீரை உதறினாள்.

"ஒண்ணாந்தேதி வாரேன். கண்டிப்பாத் தூக்குதேன். மாதா மேல சத்தியமா."

அமலோற்பவம் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம். நீங்க பூசைக்குப் போங்க" என்றாள். "மத்தத நான் பாத்துக்கிடுதேன்."